வலி தோளின் முன்னால், முடிச்சு முதுகுப் பக்கம்

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டரில் வேலை. கொஞ்ச நாளாக வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் பிடித்து இழுக்கிறது. வலிக்கிற இடத்தை வீட்டில் அழுத்தித் தேய்த்துவிடுகிறார்கள். அப்போதைக்குச் சுகம், மறுநாள் பழையபடி. இன்னும் பலமாக அழுத்தச் சொல்லலாமா?

பதில்: பலத்தைக் கூட்ட வேண்டாம், இடத்தை மாற்றிப் பாருங்கள். தோள்பட்டை எலும்பின் மேல், முதுகுப் பக்கமாக ஒரு தசை படர்ந்திருக்கிறது. கையை வெளிப்புறமாகத் திருப்புவது அதன் வேலை. அதில் இறுகிய முடிச்சு, அதாவது டிரிகர் பாயிண்ட் இருந்தால், வலி பெரும்பாலும் அந்த இடத்தில் தெரியாது. தோளின் முன்பக்கத்திலும் மேற்கையிலும் தெரியும். கையைப் பின்னால் மடக்கும்போது நீள வேண்டிய தசையும் அதுதான்.

அங்கே அழுத்துவதற்கு முன் ஒரு சோதனை. மல்லாந்து படுத்துக் கையைத் தளர்வாக விடுங்கள். இன்னொருவர் மெதுவாகத் தூக்கட்டும். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பட்டும். அவர் செய்தாலும் கை பாதியில் நின்றுவிட்டால் மூட்டே இறுகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். அது அழுத்திச் சரியாகிற விஷயம் இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

மூட்டு தாராளமாக அசைந்தால், சுவருக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துச் சாயுங்கள். எலும்பின் மேற்பகுதியில் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். பந்து அதற்குக் கீழே இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், ஓரிடத்தில் உங்களுக்குப் பழக்கமான அதே முன்பக்க வலி கிளம்பும். அங்கேயே நில்லுங்கள். பத்துக்கு ஐந்து, ஆறு என்று சொல்லும் அளவு வலி போதும். மூச்சை அடக்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். 30 முதல் 60 விநாடிக்குள் வலி தானாக இறங்கத் தொடங்கும். தேய்க்க வேண்டாம், அழுத்தியபடி காத்திருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் மறுநாளே வலி திரும்பி வருகிறது. தசை தளர்ந்த உடனே, கையை மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று முடிந்த எல்லை வரை மெதுவாகச் சில முறை கொண்டுபோங்கள். கிடைத்த அசைவை அப்போதே பயன்படுத்த வேண்டும்.

கழுத்தின் முன்பக்கத்தையும் அக்குளையும் அழுத்தவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். விரல் மரத்துப்போனாலோ, கையில் பலம் குறைந்தாலோ பந்தை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கைவலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு.

இன்னொன்று: மவுஸ் எட்டி இருந்தால், அதைப் பிடிக்கக் கை நீட்டியே இருக்கும், இந்தத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. முழங்கை விலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும்படி மவுஸை அருகில் இழுத்து வையுங்கள். இரண்டு வாரத்தில் கை கொஞ்சமாவது கூடுதலாகப் பின்னால் போகவில்லை என்றால், ஒரு பிசியோதெரபிஸ்ட் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது.