தூண்டில் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கேள்விகள் எல்லாம் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா வாசகர்களிடமிருந்து வந்தவை. பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டமும் ஈயக்குட்டையும் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டை) சூழ்ந்த ஊரில் தூண்டில்காரர்களுக்குப் பஞ்சமா!

கேள்வி: வசந்தத்தில் கரையோரம், கோடையில் ஆழம், குளிரில் இன்னும் ஆழம் என்று அமெரிக்க வீடியோக்களில் பாஸ் மீனுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் குட்டையில் அது பலிக்கவில்லையே, ஏன்?

பதில்: மீனே வேறு. அவர்கள் பிடிப்பது லார்ஜ்மௌத் பாஸ். குளிர் விட்டு, தண்ணீர் 16 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது அது முட்டையிடக் கரைக்கு வரும். நம் குட்டைகளில் இருப்பது பீகாக் பாஸ். அமேசான், ஒரினோகோ ஆறுகளின் மீன். பெயரில்தான் பாஸ், உறவெல்லாம் திலாப்பியாவோடு. தண்ணீர் 15 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தாங்காது. இங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் வெதுவெதுப்புதான். ஆகவே நாட்காட்டியை விடுங்கள். நீர்மட்டத்தையும் தெளிவையும் பாருங்கள்.

சிலாங்கூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். மட்டம் ஏறிக் கரைப்புல் மூழ்கினால் பொடிமீன் அதற்குள் ஒதுங்கும், பாஸ் பின்னாலேயே வரும். அப்போது புல் விளிம்பை ஒட்டி, கரைக்கு இணையாக வீசுங்கள். நேராக நடுக்குட்டைக்கு வீசினால் லூர் (செயற்கை இரை) பாதி வழி மீனில்லாத தண்ணீரில்தான் ஓடும். ஜூன், ஜூலை வறட்சியில் மட்டம் இறங்கும். கரையோர மணல்திட்டு திடீரென்று ஆழத்தில் சரியும் இடம், மூழ்கிய மரம், ஈயம் தோண்டிய பழைய மிதவை இயந்திரமான ஈயக்கப்பலின் மிச்சம், இவற்றின் நிழல் பக்கம்தான் மீன் நிற்கும்.

லூரைக் காலடியில் அரை மீட்டர் இறக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பீகாக் பாஸுக்கு அன்று விடுமுறை. அது கண்ணால் வேட்டையாடும் மீன். இரவில் போவதும் வீண். காலை 7 முதல் 10 வரை, பிறகு மாலை 4.30க்கு மேல் நல்ல நேரம். ஆழமான குட்டையில் பெருமழை கொட்டிய மறுநாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பசியில் அல்ல, குளிர்ந்த மழைநீர் கீழிறங்க, பிராணவாயு இல்லாத அடித்தண்ணீர் மேலே கலந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் விட்டுப் போங்கள்.

காலையில் 7 செ.மீ. பாப்பர் (நீர்மேல் தெறிக்கும் லூர்). வெயில் ஏறினால் மின்னோ (சிறுமீன் வடிவ லூர்), அதற்கும் வராவிட்டால் 5 முதல் 7 கிராம் ஜிக் (எடையால் மூழ்கும் லூர்). லார்ஜ்மௌத்துக்குச் செய்வதுபோல அடித்தரையில் ரப்பர் புழுவை மெல்ல மெல்ல இழுப்பதை நான் இங்கே சிபாரிசு செய்யமாட்டேன். பீகாக் பாஸ் துரத்திப் பிடிக்கும் மீன். லூருக்குப் பின்னால் தங்க நிறத்தில் ஒன்று வருகிறது, இரண்டு மீட்டரில் தயங்குகிறது என்றால் பலரும் கையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் திரும்பிவிடும். ரீலை (நரம்பு சுற்றும் உருளையை) இன்னும் வேகமாகச் சுற்றுங்கள். தப்பி ஓடுகிறதே என்றுதான் அது பாயும்.

கேள்வி: பெரிய மீன் மாட்டினால் தூண்டில் முள் நிமிர்ந்துவிடுகிறது, அல்லது முடிச்சில் அறுந்துவிடுகிறது. 20 பவுண்ட் தாங்கும் பின்னல் நரம்பு (பல இழை பின்னிய தூண்டில் கயிறு) போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். கோளாறு டிராக்கில், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ரீலின் பிடிமானத்தில். கைத்தராசை நரம்பில் மாட்டி, ராடை (தூண்டில் கோலை) வளைத்து இழுத்துப் பாருங்கள். 5 பவுண்டில், அதாவது சுமார் 2.3 கிலோவில் ரீல் நழுவ வேண்டும். விலை குறைந்த லூர்களோடு வரும் மூன்றுமுனை முள் மெல்லிய கம்பி. அதைக் கழற்றிவிட்டு, அதே அளவில் தடித்த கம்பி முள்ளும் கெட்டியான வளையமும் போடுங்கள். ஒரேயடியாகப் பெரிய முள் போட்டால் லூரின் ஆட்டம் செத்துவிடும்.

லீடர் (நரம்பின் முனையில் கட்டும் தடித்த இழை) 30 பவுண்ட், அரை மீட்டர் நீளம். இரட்டை யூனி முடிச்சில் பின்னல் நரம்புப் பக்கம் 7 சுற்று (அது வழுக்கும்), லீடர் பக்கம் 5. எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் லீடர் பலமிழக்கும்; உங்கள் முடிச்சு அறுவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் விரால் தவளை லூரை அடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லை.

பதில்: தண்ணீர் தெறித்ததுமே இழுக்கிறீர்கள். தவளை உள்ளே போய் நரம்பு நகரட்டும். ஒன்று எண்ணி, பிறகு பலமாக இழுங்கள். ரப்பர் தவளையை விரலால் அழுத்தினால் இரண்டு முள்ளும் வெளியே வர வேண்டும். வராத தவளை கடையில் அழகாக இருக்கும், வாய்க்காலில் பயன்படாது. இங்கே மட்டும் டிராக்கை இறுக்கி 40 பவுண்ட் நரம்பு போடுங்கள். இடம் விட்டால் புல்லுக்குள் புகுந்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் தாய்மீனை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இதே சாமான்களோடு கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் சியாக்காப் (கொடுவா) பிடிக்கலாமா?

பதில்: ராடும் ரீலும் சரி, லீடரை 40 பவுண்டாக்குங்கள், சியாக்காப்பின் செவுள் மூடி கத்தி மாதிரி. உயிர் இறாலின் தலைக்கொம்புக்கு அடியில் ஒரு கரும்புள்ளி தெரியும். அதைத் தொடாமல் முள்ளைக் குறுக்கே ஏற்றினால் இறால் நெடுநேரம் துள்ளும். குத்திவிட்டால் அங்கேயே செத்துவிடும். அமாவாசை, பௌர்ணமி அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் நீரின் இழுப்பு அதிகம், ஈயக்குண்டு நிற்காது. இழுப்பு தணிந்த பிறகு, நீர் ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம் போங்கள். நீர் நின்றுவிட்டால் டீ குடிக்கலாம்.

கேள்வி: பீகாக் பாஸ் குஞ்சுகளை எங்கள் தோட்டத்துக் குளத்தில் விடலாமா?

பதில்: கூடாது. புயூ (பனையேறி), செப்பாட் (குராமி வகை), கெளுத்திக் குஞ்சு எதையும் மிச்சம் வைக்காது.