தாலி, ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா?

தாலி, ஐயர், கன்னிகாதானம் மூன்றும் வேண்டாம், ஆனால் சட்டப்படி செல்லுமா, அப்பத்தா மனம் நோகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் இந்துக்கள் என்பதால் தாராளமாகச் செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தின் 7அ பிரிவு தமிழ்நாட்டில் 1968 முதல் நடப்பில் இருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி கட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

மேடையில்தான் சறுக்கும். தாலி இல்லையென்றால் கெட்டிமேளம் எப்போது என்று மேளக்காரருக்குப் புரியாது; உறுதிமொழி முடியும் முன்பே அட்சதை பறக்கும். உறுதிமொழியை நாலைந்து வரிக்குள் வைத்து, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். நடத்தி வைப்பவர் கையைத் தூக்கினால் மேளம், மாலை, பூ என்று முந்தின நாளே பேசிவிடுங்கள். மாலையை அப்பத்தா கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவரிடம் வாதாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். தாலி இல்லாத திருமணத்துக்குப் பதிவுச் சான்றுதான் பலம். அழைப்பிதழில் செல்லப்பெயர் போடாதீர்கள். ஆதாரில் உள்ள எழுத்தே வரட்டும், இல்லையென்றால் அங்கே திருப்பி அனுப்புவார்கள். மாலை மாற்றும்போது இருவர் முகமும் தெரிகிற படம் ஒன்று கட்டாயம் எடுத்து வையுங்கள்.