ஒரே படம், மூன்று நீளம்: எது முழுசு?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் பார்த்த 1950களின் படம் ஒன்றை இணையத்தில் தேடினேன். மூன்று பிரதிகள் கிடைத்தன. 128 நிமிடம், 151 நிமிடம், 163 நிமிடம். அப்பா சொல்லும் தெருக்கூத்துக் காட்சி முதல் இரண்டிலும் இல்லை. மூன்றாவதை இன்னும் இறக்கவில்லை. அதை நம்பலாமா?”

இறக்குங்கள். படம் தொடங்கும் முன் தணிக்கைச் சான்றிதழ் சில வினாடிகள் வந்து போகும், அங்கே நிறுத்துங்கள். எத்தனை ரீல், எத்தனை அடி என்று அதில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். உங்கள் படத்தில் 15,300 அடி என்று போட்டிருந்தால், 170 நிமிடம்.

அப்படியானால் 163லும் ஏழு நிமிடம் காணோமே என்பீர்கள். காணாமல் போகவில்லை. பழைய படங்கள் பலவும் வீடியோ கேசட் வழியாகத்தான் இணையத்துக்கு வந்தன. பிலிமில் வினாடிக்கு 24 ஃபிரேம். மலேசியாவிலும் இந்தியாவிலும் புழங்கிய பி.ஏ.எல். வீடியோவில் 25. படம் கொஞ்சம் வேகமாக ஓடி 163 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டும் ஒரு சுருதி ஏறினாற்போல் கேட்கும். அது முழுப்படம்தான்.

சான்றிதழ் மங்கலாக இருக்கிறதா? பாட்டுப் புத்தகம் கைகொடுக்கும். கதைச்சுருக்கத்தைப் பாதியில் விட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்களே, அதேதான். அதில் பத்துப் பாட்டு இருந்து கோப்பில் ஏழுதான் என்றால் கத்தரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் குட்டையான படமெல்லாம் வெட்டுப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிலிம் தட்டுப்பாட்டால் 11,000 அடிதான் உச்சம் என்று இந்தியாவில் கட்டுப்பாடு இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவது அதனால்தான்.

அப்புறம், தேடும் விதம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில், படத்தை ஏற்றியவர் தட்டிய எழுத்துகள்தான் சாவி. ‘சகுந்தலை’ என்பதை ஒருவர் ஆங்கிலத்தில் ‘எஸ்’ மட்டும் போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘எஸ்ஹெச்’ போடுவார். எல்லா வகையிலும் தட்டிப் பாருங்கள். தமிழிலும் ஒரு தடவை. அங்கே காட்டும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம், சிலர் பதிவேற்றிய ஆண்டையே போட்டுவிடுவார்கள். 2013இல் தொடங்கிய, இந்தியப் படங்களின் விவரங்களைத் திரட்டும் இந்தியன்சினி.மா தளத்தையும் பாருங்கள். படம் மலாயாவுக்கு எப்போது வந்தது என்று அறிய, சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களின் சினிமா விளம்பரங்கள் நல்ல தடயம். பொறுமை வேண்டும்.

இந்தியச் சட்டப்படி படம் வெளியாகி 60 ஆண்டு முடிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும், ஆகவே 1950களின் படத்தில் அந்தத் தலைவலி இல்லை. அதற்கும் முந்தைய படங்களை எங்கே தேடினாலும் கிடைக்காத நிலை உண்டு. தமிழின் முதல் பேசும் படமான 1931இன் ‘காளிதாஸ்’ படத்துக்கே இன்று பிரதி கிடையாது.

சரி, கூத்துக் காட்சி 163 நிமிடப் பிரதியிலும் இல்லையென்றால், அதில் யார் வேஷம் கட்டியிருந்தார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். அதே திடலில் பார்த்த வேறொரு படத்தின் காட்சி இதில் வந்து ஒட்டியிருக்கலாம். எனக்கு வரும் விசாரணைகளில் பாதி அங்கேதான் போய் நிற்கும்.