கையெழுத்துப் போட்ட சம்மதம் எதுவரை செல்லும்?

கேள்வி (சுருக்கமாக): நானும் என் துணைவியும் இரண்டு வருடம் திறந்த உறவில் (மற்றவர்களுடனும் பழகலாம் என்ற உடன்பாட்டில்) இருந்தோம், பிடிஎஸ்எம் (கட்டுவது, வலி தருவது போன்ற பாலியல் விளையாட்டு) பழக்கமும் உண்டு. எதற்கெல்லாம் சம்மதம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், சேஃப் வேர்டும் (சொன்னால் உடனே நிறுத்த வேண்டிய சொல்) வைத்திருந்தோம். அவள் எனக்குச் சொல்லாமல் இன்னொருவருடன் பழகினாள், கேட்டதும் பிரிந்துவிட்டாள். இப்போது கழுத்தை நெரித்ததில் காயம் என்று வக்கீல் நோட்டீஸ். மருத்துவச் செலவைத் தர வேண்டுமாம், வீடியோக்களை அழிக்க வேண்டுமாம். அவளே கேட்டுத்தான் செய்தேன். அன்று ஒரு நிமிடம் நினைவிழந்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள். வீடியோவை வைத்து அவளை அம்பலப்படுத்தலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அவர் உங்களை ஏமாற்றிய கதை. அதை ஓரமாக வையுங்கள். நீங்கள் இருவரும் போட்டுக்கொண்ட விதியை அவர் மீறினாரா என்று இந்த வழக்கில் யாரும் கேட்கப்போவதில்லை. போகிற போக்கில் 'ஒரு நிமிடம் நினைவிழந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, வழக்கே அந்த வரிதான்.

மயங்கிக் கிடப்பவரால் சேஃப் வேர்டைச் சொல்ல முடியாது. கனடா உச்ச நீதிமன்றம் 2011இல் பார்த்தது கிட்டத்தட்ட உங்கள் வழக்கைத்தான்: நினைவிழக்கும் வரை கழுத்தை நெரிக்க அந்தப் பெண் முன்கூட்டியே சம்மதித்திருந்தார், ஆனால் உறவு நடக்கும் நேரம் முழுக்க நினைவு இருந்தால்தான் அது சம்மதம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட உறவில் காயப்படுத்தியதற்காக 1993இல் தண்டனை உறுதியான ஐந்து பேரின் வழக்கில் எல்லாரும் வயது வந்தவர்கள், எல்லாரும் சம்மதித்தவர்கள், ஆனாலும் சம்மதம் அவர்களைக் காப்பாற்றவில்லை; 2021 சட்டம் அதை எழுத்திலேயே போட்டுவிட்டது. இந்தியாவிலும் கொடுங்காயம் விளையலாம் என்று தெரிந்தே செய்ததைச் சம்மதம் காப்பாற்றாது, உயிருக்கு ஆபத்தான காயம் கொடுங்காயத்தில் சேரும். தோலில் தடமே இல்லாவிட்டாலும் கழுத்துக்குள் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம், அது சில நாள் கழித்துத் தெரிவதும் உண்டு. அதனால் 'அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தாள்' என்ற வாதத்தை மருத்துவ அறிக்கைக்கு முன்னால் எடுக்காதீர்கள்.

அந்தக் கையெழுத்துத் தாளை நீங்கள் கேடயமாக நினைக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலாக நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன், ஏனென்றால் கழுத்தை நெரிப்பது ஆபத்து என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

ஆனால் என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் கெட்டது பெரும்பாலும் அன்றிரவு நடந்ததால் அல்ல, நோட்டீஸ் வந்த பிறகு செய்ததால். ஒருவர் 'உனக்கும் பிடித்துத்தானே இருந்தது, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடு' என்று நள்ளிரவில் வாட்ஸ்அப் அனுப்பினார், அது ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நின்றது. இன்னொருவர் பதறிப்போய் பழைய உரையாடல்களை அழித்தார், தனக்குச் சாதகமானதும் சேர்ந்து போயிற்று, சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. மூன்றாமவர் உங்களைப் போலத்தான், தன் பக்க நியாயத்தைக் காட்ட வீடியோவை இரண்டு நண்பர்களுக்கு அனுப்பினார். எடுக்கச் சம்மதித்தது பகிரச் சம்மதித்ததாகாது. பல நாடுகளில் அது தனிக் குற்றம், இந்தியாவிலும்தான். முதல் குற்றச்சாட்டில் பேசிப் பார்க்க இடமிருந்தது, இரண்டாவதில் சுத்தமாக இல்லை. நீங்கள் பழகிய மற்ற துணைகளிடமும் இதைப் பேசாதீர்கள், இன்று ஆறுதல் சொல்பவர் நாளை சாட்சிக் கூண்டில் நிற்பார்.

அவர் இன்னும் காவல் நிலையம் போகவில்லை. கேட்பது மருத்துவச் செலவும் வீடியோவும்தான். கொடுத்துவிடுங்கள். கோபத்தில் எதிர்வழக்குப் போட்டால் அவரைப் புகார் கொடுக்க நீங்களே அனுப்பி வைத்த மாதிரி ஆகும். ஆனால் 'புகார் கொடுக்கக் கூடாது' என்ற நிபந்தனையை எழுதிப் பணம் கொடுக்காதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும். சமரசம் செய்தாலும் போலீஸ் அதற்குக் கட்டுப்படாது, இருந்தாலும் செய்யுங்கள். வீடியோவை நீங்களாக அழிக்க வேண்டாம், எங்கே எப்படி ஒப்படைப்பது என்று இரண்டு வக்கீல்களும் எழுத்தில் முடிவு செய்யட்டும். அதுவரை போனை யாரிடமும் கொடுக்காதீர்கள், அவருக்கு ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். உங்கள் வக்கீலிடம் மட்டும் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கை எங்கே இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், எனக்கு எழுதிய கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.