ஸ்பைக் கார்டு இருந்தும் டிவி போனது ஏன்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மழை விட்டு கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு லைட்டெல்லாம் பளீரென்று எரிந்தன, ஃபேன் தறிகெட்டுச் சுற்றியது. ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்வதற்குள் டிவியும் வைஃபை பெட்டியும் போய்விட்டன. எதிர் வீட்டில் அதே நேரம் லைட் மங்கிப்போனதாம். டிவியை ஸ்பைக் கார்டில்தான் செருகியிருந்தேன். இன்னும் விலை கூடிய சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் காப்பாற்றுமா, இல்லை அதுவும் வீண் செலவா?"

எதிர் வீட்டு லைட் மங்கியதை விடாமல் எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். உங்கள் தெருவில் நியூட்ரல், அதாவது எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பும் கம்பி, கட் ஆகியிருக்கிறது. இதற்கு என்ன விலையில் சர்ஜ் புரொடெக்டர் வாங்கியிருந்தாலும் டிவி பிழைத்திருக்கும் என்று நம்ப முடியாது. அதற்காக அந்தக் கருவியே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வேலை வேறு. உங்களுக்கு முதலில் தேவைப்படுவதும் வேறு.

டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் போஸ்ட் வழியாக வருகின்றன. உங்களுக்கு ஒரு பேஸ், எதிர் வீட்டுக்கு இன்னொரு பேஸ் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 400 வோல்ட். போஸ்டில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ ஜாயின்ட் கருகி விட்டுப்போனாலோ, இரண்டு வீடும் சேர்ந்து அந்த 400 வோல்ட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். யார் வீட்டில் லோடு குறைவோ, அங்கே வோல்டேஜ் ஏறும். உங்கள் வீட்டில் 100 வாட் ஓடுகிறது, எதிர் வீட்டில் அயர்ன் பாக்ஸ் போட்டு 1,000 வாட் ஓடுகிறது என்று வையுங்கள். கணக்குப் பார்த்தால் உங்களுக்கு 360 வோல்ட்டுக்கு மேல் வரும், அவர்களுக்கு 40 வோல்ட் கூட வராது. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

டிவியின் பவர் போர்டில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். அதன் மேல் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது, அதை அது தாங்கும். 360 வோல்ட் ஏசி வந்தால் டிசி 500-ஐத் தாண்டிவிடும். அப்புறம் கெப்பாசிட்டர் வீங்க வேண்டியதுதான். வைஃபை பெட்டியின் அடாப்டருக்கும் இதே கதிதான்.

சரி, ஸ்பைக் கார்டு ஏன் தடுக்கவில்லை? முதலில், அதற்குள் ஏதாவது இருந்ததா என்பதே சந்தேகம். சுவிட்சும் சிவப்பு இண்டிகேட்டரும் ஃபியூஸும் மட்டும் வைத்த சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் கடையில் ஸ்பைக் கார்டு என்றுதான் விற்கிறார்கள். உண்மையான சர்ஜ் புரொடெக்டருக்குள் எம்ஓவி என்ற வட்டமான சின்ன வில்லை ஒன்றாவது இருக்கும், நல்லதில் மூன்று. துத்தநாக ஆக்சைடில் செய்தது. ஏரியில் தண்ணீர் அளவு மீறினால் கலிங்கு வழியே வெளியேறுவது போல, வோல்டேஜ் ஓர் எல்லையைத் தாண்டியதும் எம்ஓவி வழிவிட்டு, மிச்சத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். 14டி471 என்று அதன் மேல் எழுதியிருந்தால் 14 மில்லிமீட்டர் விட்டம், 470 வோல்ட்டில் வழிவிடத் தொடங்கும் என்று பொருள். தூரத்தில் விழுந்த இடி லைனில் கிளப்பும் அலை, பக்கத்தில் பெரிய மோட்டார் ஆஃப் ஆகும்போது வரும் உதறல் எல்லாம் மைக்ரோ செகண்ட் கணக்கில் வந்து போகிறவை. அவற்றைத்தான் அது விழுங்கும்.

நியூட்ரல் கட் அப்படிப்பட்டதல்ல. 360 வோல்ட் ஏசியின் உச்சம் 500 வோல்ட்டுக்கு மேல். ஒரு செகண்டுக்கு 100 முறை அந்த உச்சம் வந்து மோதும், மெயினை அணைக்கும்வரை மோதிக்கொண்டே இருக்கும். எம்ஓவி சூடாகிக் கருகிவிடும். மட்டமான சரக்காக இருந்தால் பெட்டியே தீப்பிடிக்கலாம். நல்ல பெட்டியில் வெப்ப ஃபியூஸ் எம்ஓவியைத் துண்டித்துவிடும். ஆனால் பல மாடல்களில் அதற்குப் பிறகும் பிளக்கில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் முதல் வேலை, மின்வாரியத்தில் சொல்லி போஸ்டில் நியூட்ரல் ஜாயின்ட்டைச் சரிபார்க்கச் செய்வது. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. "நியூட்ரல் கட் ஆகி ஹை வோல்டேஜ் வந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருமுறை விட்ட ஜாயின்ட்டைத் தற்காலிகமாக முறுக்கி வைத்திருந்தால் அடுத்த காற்றில் மறுபடியும் விடும்.

இரண்டாவது, மெயின் பாக்ஸில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மாட்டுங்கள். எம்சிபி மாதிரி வரிசையில் உட்காரும், டிஜிட்டலில் வோல்டேஜ் காட்டும். உங்கள் பணத்தை முதலில் இதில்தான் போடச் சொல்வேன். மேல் எல்லை 260, கீழ் எல்லை 170, திரும்ப ஆன் ஆக 3 நிமிடம் என்று செட் செய்யச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ், ஏசி கம்ப்ரசருக்கு அந்த மூன்று நிமிட இடைவெளி அவசியம். வீட்டு லோடுக்கு ஏற்ற ஆம்பியரில் வாங்குங்கள். சின்னதாக வாங்கினால் உள்ளிருக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளும், தேவையான நேரத்தில் கட் ஆகாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் யுபிஎஸ் மோடில் வையுங்கள். பெரும்பாலான மாடல்கள் அந்த மோடில் சுமார் 180 முதல் 260 வோல்ட் வரைதான் மெயின்ஸ் கரண்டை உள்ளே விடும்.

அடுத்தது எர்த். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மூன்று எம்ஓவி உள்ள பெட்டியில் இரண்டு, எர்த் வழியாகத்தான் வேலை செய்யும். எர்த் இல்லாத பிளக்கில் அவை சும்மா இருக்கும். அதைவிட மோசம், சில எலக்ட்ரீசியன்கள் எர்த் இழுக்காமல் பிளக்கிலேயே நியூட்ரலை எர்த் பின்னுக்கு லூப் அடித்துவிடுவது. அப்படி ஒரு வீட்டில் நியூட்ரல் கட் ஆனால் ஃபிரிட்ஜ் கதவிலும் வாஷிங் மெஷின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். தொட்டவர் உயிருக்கே ஆபத்து. நாளைக்கே ஒரு பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த லூப் இருந்தால் கழற்றிவிட்டுத் தனியாக எர்த் கம்பி இழுக்க வேண்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்டினால் நல்ல எர்த்.

இதெல்லாம் ஆன பிறகு சர்ஜ் புரொடெக்டருக்கு வாருங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையிலும் கோடை மழையிலும் இடி சகஜம், அதனால் செலவு நியாயம்தான். மெயின் பாக்ஸில் டைப் 2 வகை எஸ்பிடி (மெயின் பாக்ஸிலேயே மாட்டும் சர்ஜ் புரொடெக்டர்) ஒன்று போட்டால் வீடு முழுவதற்கும் ஆகும். அதற்குப் போகும் கம்பிகள் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீளமாகச் சுற்றி இழுத்தால் பாதி பலன் போய்விடும். எஸ்பிடியின் முகப்பில் உள்ள சின்னக் கண்ணாடி ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அதன் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். டிவி, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்பைக் கார்டு வைப்பது அதற்கு மேல் ஒரு கூடுதல் காவல். எவ்வளவு அடியை விழுங்கும் என்று சொல்லும் ஜூல் அளவு அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போடாததை வாங்காதீர்கள். எம்ஓவி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும் என்பதால், இண்டிகேட்டர் அணைந்த பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷன்தான். ஹீட்டர், அயர்ன் பாக்ஸை அதில் செருக வேண்டாம்.

வீட்டின் மேலேயோ பக்கத்துப் போஸ்டிலோ இடி விழுந்தால் இவை எதையும் நம்ப முடியாது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் கேபிள் டிவி ஒயரையும் கழற்றிவிடுங்கள். கேபிள் ஒயர் வழியாக வரும் அடியை பவர் பக்கம் மாட்டிய எதுவும் தடுக்காது. இடி இடிக்க ஆரம்பித்துவிட்டால் பிளக், ஒயர் பக்கமே போகாதீர்கள்.

போன டிவியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? ஹை வோல்டேஜில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது பவர் போர்டு. மெக்கானிக்கிடம் அதை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் வீங்கி, ஃபியூஸ் கருகி, மெயின் போர்டு நன்றாக இருந்தால், பவர் போர்டை மட்டும் மாற்றினால் டிவி ஓடும். வைஃபை பெட்டிக்கும் அடாப்டரை முதலில் மாற்றிப் பாருங்கள். வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்க வேண்டும், பின் பொருந்த வேண்டும்.