பால் பைத்தான் இரண்டு வாரமாக எலியைத் தொடவில்லையா? பதறாதீர்கள்

புது வீட்டுக்கு வந்த உங்கள் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு வகை) இரண்டு வாரமாக எலியைத் தொடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வீடு மாறிய பாம்பு இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது சகஜம். எனக்கு உறுத்துவது நீங்கள் சொன்ன வேறு இரண்டு விஷயங்கள்: பிள்ளைகள் தினமும் கையில் எடுக்கிறார்கள், பெட்டியில் ஒளிய ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இது பகலெல்லாம் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் பிராணி. உடம்பை நாலா பக்கமும் ஒட்டி மறைக்கிற மாதிரி இறுக்கமான மறைவிடம் வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பாவம், கதகதப்பா பாதுகாப்பா என்று அது தவிக்கும்.

சூடான பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-27, ஈரப்பதம் 60-70 சதவீதம். பெட்டியைச் சூடேற்றும் ஹீட் மேட் விரிப்புக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லையென்றால் வயிறு வெந்துவிடும்.

ஒரு வாரம் யாரும் தொட வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். பிறகு உறைந்த எலியை ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, கவரோடு வெந்நீரில் வைத்து, தலைப்பக்கம் நன்றாகச் சூடேறியதும் இரவில் நீள இடுக்கியால் நீட்டுங்கள். பாம்பின் நடு உடம்புப் பருமனுக்கு மேல் பெரிய எலி வேண்டாம். விழுங்கினால் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள்.

வாராவாரம் எடை பாருங்கள். எடை மளமளவென்று குறைந்தாலோ, மூச்சில் சீழ்க்கைச் சத்தமோ வாயில் சளியோ தெரிந்தாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள்.