ஜிஞ்சர்பிரெட் மனிதனுக்குக் கால் ஏன் பரவுகிறது? கிறிஸ்துமஸ் குக்கீ கேள்வி பதில்

ஜிஞ்சர்பிரெட், அதாவது சுக்கும் பட்டையும் போட்டு, மனித உருவத்தில் வெட்டிச் சுடும் கிறிஸ்துமஸ் மசாலா குக்கீ பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றேன். குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே பேக்கிங் செய்கிறேன். டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டுத் திரைச்சீலைகூடச் சுக்கு வாசம் அடிக்கும்.

அக்கா, முதலில் அளவைச் சொல்லிவிடுங்கள். முட்டை சேர்த்தும் சேர்க்காமலும் வேண்டும். (திருநெல்வேலி)

மைதா 350 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், நாட்டுச்சர்க்கரை 120 கிராம், ஆறிய கெட்டிக் கருப்பட்டிப் பாகு 100 கிராம் (செய்முறை அடுத்த பதிலில்), முட்டை ஒன்று. சுக்குத்தூள் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் 2 டீஸ்பூன், கிராம்புத்தூள் கால் டீஸ்பூன், ஜாதிக்காய் துருவியது கால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை வேண்டாம் என்றால் பால் 3 மேசைக்கரண்டி.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, பாகும் முட்டையும் சேர்த்து, சலித்த மாவில் கலந்து திரட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. திரண்டதும் நிறுத்திவிடுங்கள். நடுத்தர அளவில் முப்பது குக்கீ வரும்.

செய்முறைகளில் 'மொலாசஸ்' என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் எதைச் சேர்ப்பது? (மதுரை)

கருப்பட்டி. மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு. அதன் கருகல் வாசனைக்கு வெல்லத்தைவிடக் கருப்பட்டிதான் கிட்டே வருகிறது. 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். அடியில் மணலும் சுண்ணாம்பும் கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி அடுப்பில் வைத்து, ஆறினால் தேன் பதத்தில் இருக்கும் அளவுக்குக் காய்ச்சுங்கள். சூட்டோடு ஊற்றினால் வெண்ணெய் உருகிக் காரியம் கெடும்.

இன்னொன்று. மொலாசஸில் லேசான புளிப்பு உண்டு, சோடா வேலை செய்வதே அதோடு சேர்ந்துதான். கருப்பட்டியில் அந்தப் புளிப்பை நம்ப முடியாது. ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சோப்பு மாதிரி ஒரு சுவை நாக்கில் நிற்கும்.

கட்டரில் அழகாக வெட்டி வைத்தேன். ஓவனிலிருந்து எடுத்தால் கை கால் எல்லாம் பரவி, மனிதன் தவளை மாதிரி ஆகிவிட்டான். என்ன தப்பு? (சென்னை. இதையே இன்னும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்.)

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நான் அதிகம் அடிபட்ட இடம் இது. முதல் வருஷம் ஒரு ட்ரேயில் பன்னிரண்டு பேரை அடுக்கினேன். வெளியே வந்தது ஒரே ஆள். பன்னிரண்டு தலை, ஒரே உடம்பு. என் பையன் அதற்கு 'கூட்டுக்குடும்பம்' என்று பெயர் வைத்தான்.

காரணம் வெண்ணெய். இந்தக் குக்கீகள் பிறந்த ஊர்களில் டிசம்பரில் சமையலறை மேடையே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். அங்கே எழுதிய செய்முறையில் 'அரை மணி நேரம் குளிர வையுங்கள்' என்றிருந்தால் அவர்களுக்கு அது போதும். நம் வீட்டில் மேடையில் 28 டிகிரி இருக்கும்போது, மாவைத் தேய்த்து வெட்டி ட்ரேக்கு மாற்றுவதற்குள் வெண்ணெய் இளகிவிடுகிறது. அது ஓவனுக்குள் போனதும், மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே உருகி ஓடுகிறது. மாவு குளிர்ந்து உள்ளே போனால் ஓரம் முதலில் இறுகிக்கொள்ளும், வெண்ணெய் அதற்குப் பிறகுதான் உருகும். விஷயம் இவ்வளவுதான்.

நான் செய்வது இப்படி. திரட்டிய மாவை உடனே இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து, குழவியால் 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துவிடுவேன். உருண்டையாக ஃபிரிட்ஜில் வைத்தால் பிறகு கல் மாதிரி இருக்கும், தேய்க்கவே முடியாது. தேய்த்த மாவைத் தாளோடு அப்படியே இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுவேன். எடுத்து, கட்டரை மாவில் தொட்டு வெட்டி, ட்ரேயில் அடுக்கி, ட்ரேயோடு ஃபிரீஸரில் பத்து நிமிஷம். விரலால் தட்டினால் பிஸ்கட் மாதிரி 'டக்' என்று சத்தம் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓவன். கடைசியில் சொன்ன பத்து நிமிஷத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

சூடான ட்ரேயில் அடுத்த ஈட்டை அடுக்காதீர்கள். சோடாவை அரை டீஸ்பூனுக்கு மேல் போடாதீர்கள். உப்பலான குக்கீ வேறு, உருவம் நிற்கிற குக்கீ வேறு. அப்புறம் தாள்: மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கிற பட்டர் பேப்பரில் சிலது மெழுகு பூசியது, ஓவனில் புகையும். பேக்கிங்குக்கான பார்ச்மெண்ட் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சி போடலாமா? (ஈரோடு)

தனியாக வேண்டாம். இஞ்சி காயும்போது அதன் காரம் மாறுகிறது. சுக்கின் காரம் தொண்டையில் மெதுவாக ஏறி நிற்கும், இந்தக் குக்கீக்கு அதுதான் வேண்டும். பச்சை இஞ்சியில் ஈரமும் இருக்கிறது. ஆசைப்பட்டால் சுக்கோடு ஒரு டீஸ்பூன் துருவல் சேர்க்கலாம். கடைப் பொடியைவிட, சுக்கைத் தோல் சீவித் தட்டி, அரைத்துச் சலித்தால் வாசமே வேறு.

பெயரைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஜிஞ்சர்பிரெட்டில் இருக்கிற 'பிரெட்' உண்மையில் ரொட்டி இல்லை. பாகில் பதப்படுத்திய இஞ்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வால், ஆங்கிலேயர் காதில் 'பிரெட்' என்று விழுந்துவிட்டது. 'ஜிஞ்சர்' என்ற சொல்லோ லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் வழியாகப் பின்னோக்கிப் போனால் நம் 'இஞ்சி வேர்' போன்ற ஒரு தென்னிந்தியச் சொல்லில் போய் நிற்கிறது என்று மொழியியலாளர் பலர் சொல்கிறார்கள். ஊர் சுற்றிவிட்டுக் குக்கீயாகத் திரும்பி வந்திருக்கிறது.

கறுவாப்பட்டை பிள்ளைகளுக்குக் கூடாது எண்டு இங்கே ஜெர்மனியில் சொல்லீனம். உண்மையோ அக்கா? (டோர்ட்முண்ட்)

பாதி உண்மை. சிக்கல் கறுவாவில் இல்லை, கேசியா என்ற தடித்த பட்டையில். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 2006-ல் ஜெர்மனியில் பட்டை சேர்த்த கிறிஸ்துமஸ் பிஸ்கட்களைச் சோதித்தபோது இது பெரிய பேச்சானது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப்பட்ட பண்டிகைப் பலகாரங்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரின் என்று உச்சவரம்பே இருக்கிறது.

உங்கள் ஊர்க் கறுவாவில், அதாவது இலங்கைக் கறுவாவில், கூமரின் மிகமிகக் குறைவு. பார்த்தாலே தெரியும்: மெல்லிய தாள்களைச் சுருட்டு மாதிரி அடுக்கிச் சுருட்டியிருக்கும், விரலில் நசுக்கினால் நொறுங்கும். கேசியா ஒரே தடிப்பான ஓடு, உடைக்கக் கல் வேண்டும். தமிழ்நாட்டு மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கேசியாதான் தருவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நாலு குக்கீ தின்பதற்குப் பயப்பட வேண்டாம். டப்பா டப்பாவாகத் தின்னும் சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் இலங்கைக் கறுவா போடுங்கள்.

ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து லெப்கூகன் என்ற மசாலா குக்கீ ஒரு டப்பா வந்தது. மெத்தென்று இருந்தது. இதே மாவில் அது வருமா? (பெங்களூரு)

வராது, அது வேறு ஜாதி. அதில் உயர்தரமான 'எலிசன்' வகையில் மாவு பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாதாம், ஹேசல்நட் போன்ற பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தகடு, தேவாலயத்தில் தரும் அப்பம் மாதிரியான மெல்லிய வேஃபர். அதன் மசாலாவில் கொத்தமல்லி விதையும் அன்னாசிப்பூவும் உண்டு, பிரியாணிக்குப் பாதி தூரம் போய்விடலாம். வாங்கியது காய்ந்துபோனால் டப்பாவில் ஒரு ஆப்பிள் துண்டு போட்டு மூடுங்கள், மறுநாள் இளகிவிடும். ஜெர்மானியர் செய்வது இது. நம் ஊரில் துண்டைத் தினமும் மாற்றுங்கள், பூசணம் பிடிக்கும்.

ஓவன் இல்லை. கடாயில் செய்யலாமா? (கும்பகோணம்)

செய்யலாம். கனமான கடாய், அடியில் உப்பு, மேலே ஸ்டாண்டு, மூடி. பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட்டு, தட்டில் ஐந்தாறு குக்கீ வைத்து, சிறு தீயில் 12 முதல் 15 நிமிஷம். மேல்பக்கம் சிவக்காது, அதைப் பார்த்து ஏமாந்து அடியைக் கருக்கிவிடாதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே காய வைக்கக் கூடாது.

ஓவனில் எத்தனை நிமிஷம்? எனக்கு எப்போதும் கல்லாகிறது. (சேலம்)

175 டிகிரியில் 9 முதல் 11 நிமிஷம். ஓரம் லேசாகக் கறுக்க ஆரம்பித்து, நடுவில் தொட்டால் கொஞ்சம் அமுங்கும்போதே எடுத்துவிடுங்கள். 'இன்னும் வேகவில்லையே' என்று தோன்றும், அதுதான் பதம். ட்ரேயிலேயே ஐந்து நிமிஷம் இருந்தால் இறுகிக்கொள்ளும். கல்லாவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் மூன்று நிமிஷத்தால்.

ஐசிங் கோடு நேராக வரவே மாட்டேன் என்கிறது. கை நடுங்குகிறது. (தூத்துக்குடி)

நீங்கள் கோலம் போடுவீர்களா? மாவைத் தரையில் விரலால் தேய்க்க மாட்டோம், மேலிருந்து விழவிடுவோம். இதுவும் அப்படித்தான். கோனின் நுனி குக்கீயைத் தொட்ட இடத்தில் ஐசிங் ஒட்டியதும், ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கி, நூலைக் கிடத்துவது மாதிரி கிடத்துங்கள். முடிக்கிற இடத்தில் கீழே இறக்குங்கள். உரசிக்கொண்டே இழுத்தால்தான் கோடு நடுங்கும். மருதாணிக் கோன் பிடித்துப் பழகியவர்களுக்கு இது அரை மணி நேர வேலை.

ஐசிங்குக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் ஐசிங் சர்க்கரை, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. பச்சை முட்டை என்பதால் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் மெரிங் பவுடர் (உலர்த்திப் பதப்படுத்திய வெள்ளைக்கருப் பொடி) வாங்கிக்கொள்ளுங்கள். சைவ வீடா? கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் 2 மேசைக்கரண்டி ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். உப்புப் போடாமல் வேகவையுங்கள். சர்க்கரையை மிக்ஸியில் அரைப்பவர்கள் மெல்லிய துணியில் சலியுங்கள், ஒரே ஒரு குருணை போதும் கோன் அடைத்துக்கொள்ள.

ஓரக்கோட்டுக்குப் பல்பசை பதம். உள்ளே நிரப்ப, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கரண்டியால் கீறிய கோடு 15 வரை எண்ணுவதற்குள் மறையும் பதம்.

சிவப்புக் கலர் வெள்ளையில் ஊறிவிட்டது. ஐசிங் மறுநாளும் பிசுபிசுக்கிறது. (நாகப்பட்டினம்)

கடலோரம், டிசம்பர், மழை: ஐசிங் காயவே காயாது. மின்விசிறிக்கு நேர் கீழே வையுங்கள், ஏசி இருந்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்க்கும். நீர்க் கலரை விட்டு ஜெல் கலருக்கு மாறுங்கள். வெள்ளை முழுக்கக் காய்ந்த பிறகே சிவப்பு. ராத்திரி முழுக்க விடுவதுதான் என் கணக்கு.

கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா? (கரூர்)

கருப்பட்டியும் சர்க்கரைதான். மைதாவும் ஐசிங்கும் வேறு இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு, ஐசிங் இல்லாத சின்னது ஒன்று.

குக்கீயில் ஓட்டை போட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடலாமா? (நாகர்கோவில்)

சுடுவதற்கு முன்பு ஸ்ட்ராவால் ஓட்டை போடுங்கள், வெந்து எடுத்த சூட்டில் மறுபடி ஒருமுறை குத்துங்கள். ஆனால் 24-ஆம் தேதி சாயங்காலத்துக்கு முன்னால் தொங்கவிடாதீர்கள். ஈரக்காற்றில் இரண்டே நாளில் நமுத்து, கழுத்து பிய்ந்து விழும். போன வருஷம் நான் 20-ஆம் தேதியே மாட்டிவிட்டேன். மறுநாள் காலையில் மரத்தின் அடியிலிருந்து உச்சி நட்சத்திரம் வரைக்கும் எறும்பு வரிசை. சீரியல் விளக்குக்குப் பக்கத்தில் அதுவும் அழகாகத்தான் இருந்தது.